ரிப்பன் மடிப்பில் ஆரஞ்சு மிட்டாய்

பள்ளிக்கூட நர்ஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். அழாத குறை. "மேடம், ஸ்கூல் பூரா பிள்ளைங்க. நான் ஒருத்தி. எனக்கு ரெண்டு கண்ணு தான இருக்குது?" என்றாள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. கேட்டது நியாயமான கேள்விதான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளி. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. சிஸ்டர் என்ற பட்டத்தை அவர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டதால் எனக்கு நர்ஸ் மிஸ் என்று பெயர் வைத்தார்கள் பிள்ளைகள். ஓய்வு பெறும்வரை அதுவேதான். கட்டுப் போடுவது, காய்ச்சல் பார்ப்பது, பூச்சி மாத்திரை கொடுப்பது, பல் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. ஒரு பெண்ணைப் பற்றியும் அவள் வகுப்பைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். இத்தனை வருடம் இந்த வேலை பார்த்ததில் நான் வாயடைத்து நின்றது அந்த ஒரு நாள்தான். என் வாய் லேசில் அடைபடாது என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவள் பெயர் ஜெசிந்தா. வீடு செம்மண்டலம். அப்பா துபாயில் ஏசி மெக்கானிக், அம்மா மட்டும்தான் வீட்டில். கோடை விடுமுறை முடிந்து எட்டாம் வகுப்புக்கு வந்த முதல் நாள் அவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. யூனிபார்ம் தொளதொளவென்று தொங்கியது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவளுடைய அம்மா அவளைக் கையைப் பிடித்து என் சிக் ரூமுக்கு அழைத்து வந்து, என்னைக் கேட்காமலே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"மிஸ், இவளுக்கு சர்க்கரை. லீவுல புடிச்சிது. வேளா வேளைக்கு ஊசி போடணும்ன்ட்டாங்க. மத்தியானத்து ஊசிய நீங்க தான் போடணும்."

சரி என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற இந்தச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியைத் தவிர வழியில்லை. ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலப் படிக்கலாம், ஓடலாம், எல்லாம் செய்யலாம். ஊசி கூடிப்போனாலோ சாப்பாடு குறைந்துபோனாலோ சர்க்கரை மளமளவென்று இறங்கும். அதுதான் ஆபத்து. அதனால் வகுப்பு ஆசிரியைக்கும் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்றேன்.

அந்தம்மா முகம் மாறிவிட்டது.

"ஒருத்தருக்கும் தெரியக் கூடாது மிஸ். பொட்டப்புள்ள. நாளைக்கி இவள எவன் கட்டுவான்? என் நாத்தனார் பொண்ணு பவுலின் இதே கிளாஸ்ல தான் இருக்குது. அது காதுல வுழுந்துச்சின்னா சாயந்திரத்துக்குள்ள தெரு பூரா போயிடும். தெரிஞ்சிதுன்னு வைங்க, இவள ஸ்கூல வுட்டு நிறுத்திடுவேன். வீட்லயே கெடக்கட்டும். உசுரோட இருந்தா போதும் எனக்கு."

சும்மா மிரட்டுகிற பேச்சாக அது எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையை மூச்சுப் பேச்சில்லாமல் கிடத்திப் பார்த்த அம்மா அவள். பயம் அவளை அப்படியே விழுங்கியிருந்தது. ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், நான் ஸ்கூலுக்கு வரணும் மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் சொல்லாமல் முடியாது என்று அடித்துச் சொன்னேன். அதற்கு ஒப்புக்கொண்டாள். வகுப்பு ஆசிரியைக்கு வேண்டவே வேண்டாம் என்றாள். நானும் தலையாட்டினேன். அது சரியா தப்பா என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி. இவள் பள்ளிக்கு வருவாளா, வீட்டில் அடைந்து கிடப்பாளா. வரட்டும் என்று முடிவு செய்தேன். இன்றைக்கு அதே அம்மா வந்து அதே தாழைப் போட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் ரகசியம் சும்மா இருக்காது, நம்மை வேலை வாங்கும். அதைப் பிறகு பார்த்தேன்.

தினமும் மதியச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெசிந்தா வருவாள். திரையை இழுத்துவிட்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்த்து, ஊசி போட்டு அனுப்புவேன். ரத்தம் கம்மி, டானிக் குடிக்கிறாள் என்று வெளியில் கதை. என்றைக்காவது சர்க்கரை இறங்கியிருந்தால் பிஸ்கட்டைத் தொட மாட்டேன், அது வேலை செய்ய நேரமாகும். சர்க்கரையைப் பொடியாகவே வாயில் போட்டு, கரைந்து இறங்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திரை விஷயத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. இரும்புக் கதவு போட்ட மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பெருமையும் இருந்தது. புதிதாக இந்த நோய் வந்த பிள்ளைக்குக் காலை வேளையில் அடிக்கடி சர்க்கரை இறங்குவது வழக்கம். ஜெசிந்தாவுக்கு அப்படி அதிகம் ஆகவில்லை. எனக்குக் கைராசி என்று தலைமையாசிரியையிடமே சொல்லியிருக்கிறேன், வெட்கமில்லாமல். சில நாள் மட்டும் காரணமே இல்லாமல் ஏறிக் கிடக்கும். உடனே அம்மாவுக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவேன்.

"காலையில என்னங்க குடுத்தீங்க புள்ளைக்கு?"

"ரெண்டு இட்லி மிஸ். மாதா மேல சத்தியமா."

நான் நம்பியதே இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்து எட்டாம் வகுப்பை டூர் அழைத்துப் போவதாக முடிவானது. காலையில் சிதம்பரம் கோயில், மதியம் பிச்சாவரத்தில் படகு. டூருக்கெல்லாம் நான் போவதில்லை. பஸ்ஸில் வாந்தி எடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனால் அம்மாவிடம் நான் வருகிறேன் என்று சொன்னால்தான் ஜெசிந்தாவை அனுப்புவாள். அந்தப் பெண்ணோ ஒரு வாரமாக என்னைக் கண்ட இடத்தில் எல்லாம், "நீங்க வர்றீங்கல்ல மிஸ், வர்றீங்கல்ல" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பிவிட்டேன்.

பஸ் வாசலிலேயே ஒரு கூத்து. வகுப்பு ஆசிரியை சின்ன வயசு, கண்டிப்பானவள், நல்லவள். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் பிள்ளைகள் மிட்டாய்க் காகிதத்தைப் போட்டுக் குப்பையாக்கிவிடக் கூடாது என்று ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறுகிறவர்களின் பையைப் பார்த்து மிட்டாயை எல்லாம் வாங்கி அதில் போட்டாள். எனக்குப் பரம திருப்தி. எத்தனை சொத்தைப் பல்லைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த வகுப்பு ஒவ்வொருத்தியும் இவ்வளவு மிட்டாய் வைத்திருந்தது ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கூட ஆரஞ்சு மிட்டாய் வந்தது.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். பவுலின் முன்னால் வந்தாள். ஜெசிந்தாவின் அத்தை மகள், அந்த நாத்தனார் பெண். குட்டையாக, கண்ணில் பட்டதை எல்லாம் கேள்வி கேட்கிற ரகம்.

"மிஸ், பாத்ரூம் போயிட்டு வந்துடுறோம் மிஸ்."

"யாரு?"

"நாங்க எல்லாரும் மிஸ்."

ஆட்டு மந்தை மாதிரி ஓடினார்கள். திரும்பி வந்தார்கள். பையைத் திறந்து காட்டினார்கள். ஒன்றும் இல்லை. பஸ் கிளம்பியது.

சிதம்பரத்தில் கோபுரத்தைப் பார்த்து, கூட்டத்தில் நெருக்கி, பொன்னம்பலத்தைப் பார்த்து, ஆயிரங்கால் மண்டபம் எது என்று கேட்டு, பிரகாரம் சுற்றி வருவதற்குள் பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. நடை ஜாஸ்தி. நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. வீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. மற்றவர்கள் கை கழுவப் போன நேரத்தில் பஸ்ஸுக்குள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஜெசிந்தாவுக்கு ஊசி போட்டேன். முழுச் சாப்பாட்டுக்கான அளவு. நன்றாகச் சாப்பிடணும் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

படகுக் குஷியில் யாருக்குச் சோறு இறங்கும்? நான் பார்த்தபோது அவள் இலையை மடித்துவிட்டு எழுந்திருந்தாள். உள்ளே பாதிச் சோறு இருந்ததை மடித்த இலை காட்டாது.

பிச்சாவரம் வந்தோம். பைகளை எல்லாம் பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கச் சொன்னார்கள். ஜெசிந்தாவின் குளுக்கோஸ் பாக்கெட் அவள் பையில். என் பையை மட்டும் நான் விடவில்லை. படகில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை மீட்டரில் பார்த்துவிடலாம் என்று ஜெசிந்தாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இப்ப வேணாம் மிஸ். எல்லாரும் பாக்குறாங்க. நான் நல்லா தான இருக்குறேன்."

கண்ணைப் பார்த்தேன். கெஞ்சியது. தோழிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகட்டும், என் படகில்தானே ஏறப் போகிறாள், நடுவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

என் படகில் அவள் ஏறவில்லை. வகுப்பு ஆசிரியையிடம், ஜெசிந்தா என்னோடு வரட்டும் என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்ல முடியவில்லை. காரணம் சொல்லாத உத்தரவை யார் மதிப்பார்கள்? படகுக்காரர் கனம் பார்த்து, "நீ இங்க ஏறு, நீ அங்க ஏறு" என்று பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார். ஆசிரியையும் சரி என்றுவிட்டாள். ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து, படகு கரையை விட்டு விலகிய பிறகுதான் பார்க்கிறேன், ஜெசிந்தா பவுலினோடு முன் படகில். நான் கடைசிப் படகில். கூப்பிட்டேன். கையை ஆட்டிச் சிரித்தாள்.

அந்தக் காட்டுக்குள் நீங்கள் போயிருப்பீர்கள். தண்ணீர் குறுகிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் வேர்கள் கீழே இறங்கி நிற்கும், மேலே இலை மூடிக்கொள்ளும். முன்னால் போகிற படகு ஒரு வளைவு திரும்பினால் மறைந்துவிடும். சத்தம் மட்டும் கேட்கும். முன் படகில் பாடிக்கொண்டு போனார்கள். எல்லோரும் ஒரே குரலில், ராகமே இல்லாமல். நான் பாட்டின் மேலேயே காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு நின்றது.

தேய்ந்து அடங்கவில்லை. பாதியில் வெட்டினாற்போல நின்றது. இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: பிள்ளைகள் கத்தினால் அவசரம் இல்லை, கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்தினால் எழுந்து ஓடு. ஆனால் தண்ணீரில் எங்கே ஓடுவது? எழுந்து நின்றால் என் படகே ஆடும், அதில் இருக்கிற பிள்ளைகள் பயந்து எழுந்தால் கவிழும். உட்கார்ந்தபடியே, குரலை ஏற்றாமல் படகுக்காரரிடம் சொன்னேன்.

"அண்ணே, முன்னால போன படகுகிட்ட போவணும். கொஞ்சம் வெரசா."

"இன்னாம்மா, ஏதாச்சும் ஆயிடிச்சா?"

"போவலாம்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துடுப்பை அழுத்தினார். என் படகுப் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போதே அது விசித்திரமாக இருந்தது. ஏன் மிஸ் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லோரும் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நினைவு இருக்கிறதா, முழுங்குகிறாளா, அதை முதலில் பார். நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் போடாதே, ஒருக்களித்துப் படுக்க வை. யாராவது பதற்றத்தில் தண்ணீரை ஊற்றியிருந்தால்? யாராவது வாயில் எதையாவது திணித்திருந்தால்? அந்தப் படகில் ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாதே, தெரியக் கூடாது என்று நான்தானே கதவைக் காவல் காத்தேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. நான் அந்தோணியார் கோயிலுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போகிற ஆள். அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டேன்.

வளைவு திரும்பினோம். முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பிள்ளைகளின் தலை. காலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, ரெட்டை ஜடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டி வந்தவர்கள். ஒருத்தி தலையிலும் ஜடை இல்லை. அவிழ்ந்த முடி தோளில் கிடந்தது. ரிப்பன்கள் படகுக்குள் சிதறிக் கிடந்தன. யாரோ தண்ணீரில் விழுந்து தூக்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

யாரும் விழவில்லை. ஜெசிந்தா ஒருக்களித்துப் பவுலின் மடியில் கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை. உதடு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஒருத்தி துடுப்புக் கட்டையால் பலகை மேல் காகிதத்தோடு எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அதைப் பிரித்து, பொடியைத் துளித் துளியாக எடுத்து ஜெசிந்தாவின் கன்னத்துக்கு உள்ளே தடவிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை அந்த விரலில். அவர்களுடைய படகுக்காரர் துடுப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு வேரைப் பிடித்துப் படகு ஆடாமல் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"முழுங்குறா மிஸ்," என்றாள் பவுலின். "மொதல்ல பேர் கேட்டோம், சொன்னா. அப்புறம் தான் குடுத்தோம். கொஞ்சம் கொஞ்சமா தான் குடுக்குறோம்."

நான் படகு மாறினேன். விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. அவர்கள் கொடுத்தது இல்லையென்றால் இன்னும் எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. என் பையில் இருந்த குளுக்கோஸைக் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. மறுபடி குத்திப் பார்த்தேன், ஏறியிருந்தது. வைத்திருந்த பிஸ்கட்டைச் சாப்பிடக் கொடுத்தேன்.

ஜெசிந்தா சுற்றிலும் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். உதடு துடித்தது.

"மிஸ், எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா? இனிமே அம்மா என்னை அனுப்ப மாட்டாங்க மிஸ்."

நான் வாயைத் திறப்பதற்குள் பவுலின் சொன்னாள்.

"அடிப் போடி. எங்களுக்கு எப்பவோ தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். சொல்லட்டுமா என்று அவளிடம் அனுமதி கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் தலையை ஆட்டிய பிறகுதான் சொன்னார்கள், ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தியாக.

நம் பள்ளிகளில் பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ் போட்டு வந்து வகுப்புக்கே மிட்டாய் கொடுப்பார்கள், தெரியுமல்லவா. ஜெசிந்தா மட்டும் தன் மிட்டாயைத் தின்னாமல் பையில் போட்டுக்கொள்வாளாம். கேட்டால் தங்கச்சிக்கு என்பாளாம். "அவளுக்கு ஏது மிஸ் தங்கச்சி? எங்க மாமாவுக்கு இவ ஒரே பொண்ணு," என்றாள் பவுலின். அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அடுத்து என் திரை. சிக் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் குழாயடி. டிபன் பாக்ஸ் கழுவப் போகிறவர்களுக்குத் திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நான் செய்கிற அத்தனையும் தெரிந்திருக்கிறது. ஊசியைப் பார்த்திருக்கிறார்கள். பிஸ்கட் கொடுக்காமல் சர்க்கரைப் பொடியை வாயில் போட்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

அதிலிருந்து அந்த வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஒரு மிட்டாயைத் தின்று ஒரு மிட்டாயை எடுத்து வைத்திருக்கிறார்கள், ஜெசிந்தாவுக்கென்று. காலையில் பஸ் வாசலில் ஆசிரியை வாங்கிப் போட்டது அதைத்தான். பின்னால் நின்றவர்கள் பாத்ரூமுக்கு ஓடி, ஜடையை மடித்துக் கட்டுகிற மடிப்புக்குள் வைத்து ரிப்பனை இறுக்கியிருக்கிறார்கள். என் படகில் இருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி ரிப்பனைத் தடவிக்கொண்டே, "எங்கிட்டயும் இருக்குது மிஸ், வேணுமா?" என்றாள்.

"வகுப்புல என்னைக்காச்சும் குடுத்திருக்கீங்களாடி?"

"நெறைய தடவ மிஸ். அவளுக்கு மட்டும் குடுத்தா கண்டுபுடிச்சிடுவான்னு எல்லாரும் தின்னுவோம். போர் அடிக்குது, நீயும் ஒண்ணு தின்னுடின்னு குடுப்போம். நாங்க சிரிச்சிக்கிட்டே இவ வாய்ல வச்சிடுவோம். கையில குடுத்தா இவ எப்பவும் வாங்க மாட்டா. ஆனா மூஞ்சி ஒரு மாதிரி ஆவுற நேரத்துல மட்டும் வாங்கிப்பா."

என் கைராசி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. இட்லி சத்தியமும் உண்மை என்று தெரிந்தது. தேவையில்லாத நாளிலும் பயத்தில் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் ஏறிக் கிடந்தது. அவர்களுக்கு அதற்கு மேல் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் அந்தப் படகில் உட்கார்ந்து அவிழ்ந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. பதின்மூன்று வயசுப் பிள்ளைகள். ஒரு பென்சிலுக்கு முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள். எட்டு மாதமாக ஒரு வகுப்பே சேர்ந்து ஒருத்தியின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது, அவளுக்கே தெரியாமல், அவள் வெட்கப்பட்டுவிடக் கூடாது என்று. எனக்குத் தெரிந்த பெரியவர்களில் இதைச் செய்யக்கூடிய ஒருவரை இன்றுவரை தேடுகிறேன்.

ஆனால் ஜெசிந்தா அழுதுகொண்டுதான் இருந்தாள். அவளுடைய கணக்கில் படிப்பு முடிந்துபோயிருந்தது.

மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை எனக்கு வராமல் இல்லை. அம்மாவுக்குச் சொல்லாவிட்டால் போயிற்று. பிள்ளைகளும் சொல்ல மாட்டார்கள், அது நிரூபணமாகிவிட்டது. ஆனால் பெற்றவளிடம் மறைத்து ஒரு பிள்ளையின் உடம்பைக் காப்பாற்ற முடியாது. அதை எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். பிச்சாவரத்துக் கரையிலேயே போன் செய்தேன். "ஜெசிந்தா நல்லா இருக்கா. கொஞ்சம் எறங்கிடுச்சி, சரி பண்ணிட்டோம். சாயந்திரம் ஸ்கூலுக்கு வாங்க, நேர்ல பேசணும்," என்றேன். வகுப்பு ஆசிரியைக்கும் அங்கேயே சொன்னேன். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளின் மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ் கடலூர் வந்து சேர்ந்தபோது அம்மா பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜெசிந்தாவைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். சிக் ரூமுக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தப் போனபோது பவுலின் இடுக்கில் புகுந்து உள்ளே வந்துவிட்டாள், தலையை இன்னும் வாராமல். அவளைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் வெளுத்தது.

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிறந்தநாள் மிட்டாய், ஜன்னல், ஜடை, படகு, ஒன்று விடாமல். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பவுலினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாகிட்ட சொன்னியாடி?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்லாத."

"மாதா சத்தியமா இல்ல அத்தை. யாருமே வீட்ல சொல்லல. சொல்லக் கூடாதுன்னு கிளாஸ்ல பேசிக்கிட்டோம்."

"ஏன்?"

பவுலின் இப்படி ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள்.

"அவ தான அத்தை சொல்லணும்? அவ ஒடம்பு."

ஜெசிந்தா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "இந்தப் புள்ளைங்க பாசத்துல குடுத்ததுல சில நாள் சர்க்கரை ஏறியும் இருக்குது. பாசம் மட்டும் போதாது. எப்பக் குடுக்கணும், எப்பக் குடுக்கக் கூடாது, எப்ப என்னைக் கூப்புடணும்னு முறையா சொல்லிக் குடுக்கணும். வகுப்புக்கே சொல்லிக் குடுக்கணும். அதுக்கு நீங்களும் இவளும் சரின்னு சொல்லணும். அதோட, இவ நாளைக்கி ஸ்கூலுக்கு வரணும்."

ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பவுலினைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"எறங்கும்போது இவ மூஞ்சி எப்படிடி இருக்கும்? எனக்கு மிஷின்ல பாத்தா தான் தெரியும். ராத்திரியில எழுந்து எழுந்து குத்திப் பாத்துக்கிட்டே கெடக்குறேன். நீங்க எப்படி மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிக்கிறீங்க? எனக்கும் சொல்லு."

பவுலின் பெஞ்சில் அத்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "மொதல்ல எழுதுனதையே எழுதி எழுதி அழிப்பா அத்தை. அப்புறம் மூக்குக்குக் கீழ வேர்க்கும். அப்ப எதக் கேட்டாலும் கோவமா பேசுவா, நீங்க திட்டாதீங்க, அது அவ பேசுறது இல்ல," என்று ஆரம்பித்தாள்.

மூக்குக்குக் கீழே வேர்ப்பது எனக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்து கேட்டேன்.